பெரியவர்களின் கேஸ் ஷீட்டில் எடை எங்கே? சேலம் மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தின் அரசு, தனியார் மருத்துவமனைகளிலும் நர்சிங் ஹோம்களிலும் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள், லேப் நடத்துவோர், மெடிக்கல் ஷாப் மருந்தாளுநர்கள் அனைவருக்கும்

வணக்கம்.

எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் காய்ச்சலோடு அட்மிட் ஆகிறார். அவருடைய கேஸ் ஷீட்டில் நாடித்துடிப்பு, பிபி, டெம்பரேச்சர், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை எல்லாம் இருக்கும். எடைக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கும். இல்லாவிட்டால் ‘50’ என்று ஒரு குத்துமதிப்பு இருக்கும். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல். ஆன்டிபயாடிக் டோஸில் பெரியவர்களுக்கு நேரும் தவறுகளைப் பின்னோக்கிப் பார்த்தால், பெரும்பாலும் இந்தக் காலிக் கட்டத்தில்தான் போய் நிற்கிறோம்.

அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டுப் பாட்டி என்று வைத்துக்கொள்வோம். வயது 80, எடை 42 கிலோ, சீரம் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் பார்ப்பது) 1.1. லேப் தாளில் நார்மல் 1.2 வரை என்று அச்சாகியிருக்கிறது, அதனால் எண் தடித்த எழுத்தில் வரவில்லை. ‘கிட்னி நார்மல்’ என்று சொல்லி முழு டோஸ் எழுதப்படுகிறது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று மதிப்பிடும் காக்ராஃப்ட்–கால்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 140-ல் இருந்து வயதைக் கழித்தால் 60. அதை எடையால் பெருக்கினால் 2520. கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கினால் 79.2. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 31.8. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 27 மி.லி. இதைத்தான் கிளியரன்ஸ் என்கிறோம். நார்மல் என்று நாம் தாண்டிப் போன சிறுநீரகத்தின் உண்மை நிலை இது.

கிரியாட்டினின் தசையில் இருந்து வருவது. தசை வற்றிப்போன உடம்பில் அது உற்பத்தியாவதே குறைவு. அதை வெளியேற்றும் சிறுநீரகமும் பலவீனமானால், வரவும் குறைந்து செலவும் குறைந்து, இரத்தத்தில் அளவு அப்படியே நார்மல் போல நிற்கும். இருபத்தைந்து வயது இளைஞரின் 1.1-ம் இந்தப் பாட்டியின் 1.1-ம் ஒரே எண்தான், ஆனால் அவை சொல்லும் செய்தி வேறு.

இதே பாட்டிக்கு எடை போடாமல் 50 என்று எழுதியிருந்தால் விடை 32 வந்திருக்கும். வித்தியாசம் ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் பல மருந்துகளின் கோடு 30-ல் கிழிக்கப்பட்டிருக்கிறது. 32 என்றால் சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரான்டாயினைக் குறுகிய நாட்களுக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கவாவது இடமுண்டு. 27 என்றால் கூடாது: மருந்து சிறுநீரில் போதிய அளவு சேராது, நரம்பையும் நுரையீரலையும் தாக்கும் ஆபத்து மட்டும் மிஞ்சும். கடுமையான தொற்றுக்கு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிராம் எழுதும் செஃபெபிம் என்ற ஆன்டிபயாடிக், 32-ல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிராம், 27-ல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிராம். எடையில் எட்டு கிலோ தவறினால் ஒரு நாள் மருந்து இரண்டு மடங்காகிறது. கணக்கே போடாமல் முழு டோஸ் எழுதினால் மூன்று மடங்கு.

மூன்று மடங்கு செஃபெபிம் என்ன செய்யும் என்பதை வார்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், பல நேரம் அதை அடையாளம் காணாமல். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சல் இறங்கியிருக்கும். ஆனால் பாட்டி பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல மாட்டார், அல்லது கேட்டதையே திருப்பிச் சொல்வார். காபி டம்ளரைக் கையில் கொடுத்தால் மணிக்கட்டு வெடுக்கென்று உதறும், காபி போர்வையில் கொட்டும். ‘வயசாயிடுச்சு, ஆஸ்பத்திரி வந்ததுல புத்தி தடுமாறுது’ என்று மகள் சொல்வார். மூளைக்கு சி.டி. எடுப்போம், சோடியம் பார்ப்போம். மருந்துச் சீட்டை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. வெளியே வலிப்பு தெரியாமல் மூளைக்குள் மட்டும் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம், அது இ.இ.ஜி.யில்தான் தெரியும். மருந்தை நிறுத்தி மாற்றினால் பெரும்பாலானோர் சில நாட்களில் தெளிந்துவிடுகிறார்கள். எனவே செவிலியர் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள்: செஃபெபிம் ஓடும் பெரியவரின் கை உதறினாலோ பேச்சு குழறினாலோ அடுத்த டோஸைப் போடுவதற்கு முன் டாக்டருக்கு போன் செய்யுங்கள். ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு. பல லேப்கள் இப்போது கிரியாட்டினினோடு சேர்த்து அச்சடிக்கின்றன, நல்ல விஷயம். ஆனால் இதே பாட்டிக்கு 2021 சி.கே.டி.–எபி சமன்பாட்டின்படி 51 என்று வரும். 27 எங்கே, 51 எங்கே? பாதி வித்தியாசம் உடல் பரப்பில் இருக்கிறது. லேப் தரும் எண் 1.73 சதுர மீட்டர் பரப்புள்ள உடம்புக்கானது. 150 செ.மீ. உயரமும் 42 கிலோவும் உள்ள உடம்பின் பரப்பு 1.32 சதுர மீட்டர்தான். 51-ஐ 1.32-ஆல் பெருக்கி 1.73-ஆல் வகுத்தால் 39. நம் ஊர்ப் பாட்டிகளில் பலர் இந்த அளவுக்காரர்கள்தான். லேப் எண்ணை அப்படியே எடுத்து டோஸ் எழுதினால் உருவத்தில் சிறியவர்களுக்கு அது எப்போதும் கூடுதலாகவே விழும்.

மீதி வித்தியாசம் சமன்பாடுகளின் இயல்பு. காக்ராஃப்ட்–கால்ட் 1976-ல் 249 பேரை வைத்து உருவானது, அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களுக்கான 0.85 தசை குறைவு என்ற அனுமானத்தில் சேர்த்த எண். மிக வயதானவர்களில் அது உண்மையை விடக் குறைத்துச் சொல்வதும் உண்டு. ஆனாலும் இன்று பெட்டிக்குள் வரும் தாளில் உள்ள டோஸ் அட்டவணைகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கை வைத்து எழுதப்பட்டவை. புதிய வழிகாட்டுதல்கள், மேலே செய்தது போல நோயாளியின் சொந்த உடல் பரப்புக்கு மாற்றிய இ.ஜி.எஃப்.ஆர். பக்கம் சாய்கின்றன. எது உயர்ந்தது என்று வாதாடுவதை விட, இரண்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. இரண்டும் ஒரே டோஸ் கட்டத்தில் விழுந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. வெவ்வேறு கட்டத்தில் விழுந்தால் மருந்தைப் பாருங்கள். அமிகாசின், கொலிஸ்டின், செஃபெபிம் போலத் தவறினால் காதையோ சிறுநீரகத்தையோ மூளையையோ கெடுக்கும் மருந்து என்றால் சிறிய எண்ணை நம்புங்கள். பைப்பராசிலின், மெரோபெனம் போல அளவு சற்றுக் கூடினாலும் இடம் கொடுக்கும் மருந்து, நோயாளியோ செப்சிஸில் (தொற்று முற்றி உறுப்புகள் தடுமாறும் நிலை) இருக்கிறார் என்றால் பெரிய எண்ணை நம்புங்கள்.

படுக்கையிலேயே கிடப்பவர், கால் எடுத்தவர், கல்லீரல் சுருங்கியவர் ஆகியோருக்குக் கிரியாட்டினினை வைத்துப் போடும் எந்தக் கணக்கும் சரிவராது. அங்கே சிஸ்டாடின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை பார்ப்பது வீண் செலவல்ல. அது தசையைச் சார்ந்தது இல்லை. ஆனால் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு ஓடுபவருக்கும் தைராய்டு கட்டுப்படாதவருக்கும் அதுவும் ஏமாற்றும்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிரியாட்டினின் 0.5 என்று வந்தால் அதை 1.0 ஆக்கிக் கணக்குப் போடுவது சிலரிடம் இருக்கிறது. ‘தசை இல்லாதவர், ஜாக்கிரதையாக இருப்போம்’ என்ற நல்லெண்ணம்தான். ஆனால் விடை ஒரே அடியாகப் பாதியாகிவிடும். அதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. சந்தேகம் இருந்தால் சிஸ்டாடின் சி கேளுங்கள், எண்ணை மாற்றாதீர்கள்.

இதுவரை சொன்னது டோஸ் கூடிப்போவதைப் பற்றி. எதிர்த் திசையில் நடக்கும் தவறு இதைவிட அமைதியானது, எங்கள் கணிப்பில் ஆபத்தும் அதில் அதிகம்.

ஏப்ரல், மே மாதச் சேலம் வெயிலில் 72 வயதுப் பெரியவர், 55 கிலோ, நிமோனியா. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. கிரியாட்டினின் 2.4. கணக்குப் போட்டால் 22 வருகிறது, அட்டவணையைப் பார்த்து பைப்பராசிலின்–டாசோபாக்டம் 4.5 கிராமுக்குப் பதில் 2.25 எழுதப்படுகிறது. இரவெல்லாம் சலைன் ஓடுகிறது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ கிரியாட்டினின் 1.2, கணக்கு 43. முழு டோஸுக்கான கட்டம். ஆனால் சீட்டில் 2.25 அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், ஐந்தாம் நாள் வரை. காய்ச்சல் இறங்கவில்லை என்றதும் கிருமி அடங்கவில்லை என்று முடிவுகட்டி மெரோபெனம், அதற்கு மேல் கொலிஸ்டின் என்று ஏறுகிறோம். அந்தக் கிருமிக்கு முதல் மருந்தே போதுமானதாக இருந்திருக்கலாம். அளவுதான் போதவில்லை.

வரும்போது கிரியாட்டினின் ஏறியிருக்கும் பெரியவர்களில் பலருக்கு 48 மணி நேரத்துக்குள் அது இறங்கிவிடுகிறது. செப்சிஸில் உயிரைத் தீர்மானிப்பதும் அதே 48 மணி நேரம்தான். ஆகவே பென்சிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனம் வகைகளில் முதல் டோஸை எந்தக் கிரியாட்டினினுக்காகவும் குறைக்காதீர்கள். டயாலிசிஸ் நோயாளி, மாதக்கணக்கில் கிரியாட்டினின் ஏறியே இருப்பவர் என்று தெரிந்தால் அடுத்த டோஸ் முதலே இடைவெளியைக் கூட்டுங்கள். திடீர் ஏற்றம் என்றால், செஃபெபிம் நீங்கலாக மற்றவற்றை முதல் இரண்டு நாள் முழு அளவில் கொடுத்துவிட்டு 48-வது மணியில் மறுபடி கணக்குப் போடுங்கள். வேன்கோமைசின் லோடிங் டோஸும் கொலிஸ்டினின் 90 லட்சம் யூனிட் லோடிங் டோஸும் அப்படித்தான், சிறுநீரகம் எப்படி இருந்தாலும் முதல் டோஸ் முழுதாகப் போக வேண்டும். முதல் டோஸ் உடம்பை நிரப்புவதற்கு. சிறுநீரகம் தீர்மானிப்பது அடுத்தடுத்த டோஸை மட்டுமே.

அமிகாசினிலும் இதே தர்க்கம். கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 42 கிலோவுக்கு 630 மி.கி. ‘500 பி.டி.’ என்று 12 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுவது இரண்டு பக்கமும் கெடுதல்: உச்ச அளவு போதாது, அடுத்த டோஸுக்குள் மருந்து வெளியேறவும் நேரம் கிடைக்காது. கிளியரன்ஸ் 27 இருப்பவருக்கு முதல் டோஸை முழுதாகக் கொடுத்து, இரத்த அளவு பார்க்காமல் இரண்டாவது டோஸைத் தொடாதீர்கள். அளவு பார்க்க வசதி இல்லையென்றால் வேறு மருந்துக்கு மாறுங்கள். சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸும் சேர்ந்து ஓடினால் காதுக்கு இரட்டை அடி. போன செவி திரும்பி வராது.

எண் மாறிக்கொண்டிருக்கும்போது எந்தச் சமன்பாடும் பொய் சொல்லும் என்பதை மறக்க வேண்டாம். கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் கணக்கு காட்டுவதை விட மோசம், இறங்கிக்கொண்டிருந்தால் அதைவிட மேல். சிறுநீரகம் இன்று காலை நின்றுபோனாலும் கிரியாட்டினின் தெளிவாக ஏறித் தெரிய ஓரிரு நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் உண்மையைச் சொல்வது யூரின் பைதான். கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி.க்குக் கீழே ஆறு மணி நேரம் போனால் அது சிறுநீரகப் பாதிப்பு. 42 கிலோ பாட்டிக்கு ஆறு மணி நேரத்தில் 126 மி.லி., கிட்டத்தட்ட ஒரு டீ கிளாஸ். அதைவிடக் குறைந்தால் லேப் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் சொல்லுங்கள். 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலும் அப்படியே: 0.6 இருந்தவருக்கு 0.9 வந்தால் தாளில் இரண்டும் நார்மல், ஆனால் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது. வயதான ஆண்கள் என்றால் பிராஸ்டேட் அடைத்து மூத்திரப்பை நிரம்பிக் கிடக்கிறதா என்று அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

சரி, நடக்க முடியாதவரை எப்படி எடை போடுவது? எழுந்து நிற்க முடியாதவரை நிற்க வைக்கும் குளியலறைத் தராசு உதவாது. லீ பஜார் மண்டிகளில் மூட்டை ஏற்றும் தரைமட்ட பிளாட்ஃபார்ம் தராசு போல ஒன்று கேஷுவால்ட்டி வாசலில் இருந்தால் போதும். வீல்சேரோடு ஏற்றி எடுத்து, வெறும் வீல்சேரின் எடையைக் கழித்துவிடலாம். வீல்சேரின் எடையைப் பின்பக்கம் பெயின்டில் எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை. கால் வீங்கியவருக்கும் வயிற்றில் நீர் கோத்தவருக்கும் அந்த எடை கூடுதலாகக் காட்டும், வீக்கத்துக்கு முந்தைய எடையை வீட்டாரிடம் கேளுங்கள். பருமனானவருக்கு முழு எடையைப் போட்டால் கிளியரன்ஸ் பொய்யாக உயரும், அங்கே உயரத்தை வைத்து எடையைச் சரிசெய்ய வேண்டும். ஆளைப் பார்த்து எடை போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். படுத்திருப்பவரின் எடையைக் கண்ணால் மதிப்பிடுவதில் அனுபவசாலிகளும் எளிதில் தவறுகிறார்கள்.

லேப் நடத்துவோரிடம் கேட்பது சிறிது. கிரியாட்டினின் எந்த முறையில் பார்க்கப்பட்டது என்று தாளில் போடுங்கள். பழைய நிறமாற்ற முறையான ஜாஃபே முறையில் மஞ்சள் காமாலை எண்ணைக் குறைத்துக் காட்டும், கீட்டோன் கூட்டிக் காட்டும், என்சைம் முறை இதில் நம்பகமானது. இ.ஜி.எஃப்.ஆர். போட்டால் எந்தச் சமன்பாடு என்று போடுங்கள், ‘1.73 சதுர மீட்டருக்கு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அதே நோயாளியின் பழைய எண் கையில் இருந்தால் பக்கத்தில் அச்சடியுங்கள், அதைவிடப் பெரிய உதவி கிடையாது. முந்தைய இரவு நிறைய இறைச்சி சாப்பிட்டவருக்கு எண் ஏறித் தெரியலாம். ஞாயிறு விருந்துக்குப் பின் வரும் திங்கள்கிழமை ரத்தத்துக்கு இதை நினைவில் வையுங்கள்.

மெடிக்கல் ஷாப் நண்பர்களே, பழைய சீட்டைக் கொண்டுவந்து ‘அப்பாவுக்கு மறுபடி யூரின் எரிச்சல்’ என்று லீவோஃப்ளாக்சசின் 750 கேட்கிறார்கள். ஷெட்யூல் எச்1 (விற்பனையைப் பதிய வேண்டிய மருந்துகளின் பட்டியல்) பதிவேடு இதற்காகத்தான் இருக்கிறது, புதிய சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. சீட்டு இருந்தாலும் வயதையும் சர்க்கரை மாத்திரையையும் கேளுங்கள். கிளியரன்ஸ் 20-க்கும் 49-க்கும் இடையில் என்றால் 750 மி.கி. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். தினமும் போட்டால் மருந்து தேங்கும், கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு நள்ளிரவில் சர்க்கரை சட்டென்று இறங்கும், குதிகால் தசைநாணும் கிழியலாம். டைஜீன் போன்ற ஆன்டாசிடைக் கூடவே கொடுத்தால் மருந்து உடம்பில் ஏறாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எனாலாபிரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் பெரியவருக்கு கோ–ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் போகிறதென்றால் பொட்டாசியம் ஏறும் என்று எச்சரித்து, மூன்று நான்கு நாளில் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே கிரியாட்டினினைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும் என்பது வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சலும் வாந்தியுமாக இருக்கும் பெரியவருக்கு டைக்ளோஃபெனக் வலி மாத்திரை வேண்டாம். பாராசிட்டமால் போதும்.

ஏற்காட்டுப் பக்கம் நிலைமை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வருவதற்குள் நேரம் போய்விடும். கிரியாட்டினின் தெரியவில்லை என்பதற்காக முதல் டோஸைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. செஃப்ட்ரியாக்சோனுக்குச் சிறுநீரகத்தை வைத்து டோஸ் குறைக்கத் தேவையில்லை. காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடு இடுப்பிலோ அக்குளிலோ கறுப்புத் தடம் இருந்து உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகித்தால், டாக்சிசைக்ளின் 100 மி.கி. காலை மாலை. அதற்கும் சிறுநீரகக் கணக்கு கிடையாது, அசித்ரோமைசினுக்கும் கிடையாது. கிட்னி பேஷன்ட் என்ற ஒரே காரணத்துக்காக இந்த மருந்துகளைப் பாதியாகக் குறைத்து எழுதிய சீட்டுகள் கீழே வருகின்றன. அந்தப் பயம் தேவையில்லை. லீனசோலிடுக்கும் டோஸ் குறைப்பதில்லை, ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்குப் பிளேட்லெட் சீக்கிரம் இறங்கும், வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதில் இருந்து பிபி, சர்க்கரை மாத்திரை பெரியவர்களின் வீட்டு வாசலுக்கே வருகிறது. மாவட்டச் சுகாதார அதிகாரிகளிடம் நாங்கள் கேட்பது, வீட்டுக்குப் போகும் தன்னார்வலரின் பையில் ஒரு தராசு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியாட்டினின், இரண்டையும் நோயாளியின் கையில் இருக்கும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுத வேண்டும். நாகலூரில் இருந்து நள்ளிரவில் கீழே இறங்கும் ஒருவரின் கையில் அந்த ஒரு வரி இருந்தால், 2.4 என்பது பழைய நோயா, இன்றைக்கு நேர்ந்த அடியா என்று டியூட்டி டாக்டருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

மருத்துவமனைகளுக்கு, உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு. 65 வயது கடந்த எவருக்கும் ஆன்டிபயாடிக் எழுதும் தாளின் மேலே அதை ஒட்டலாம். அதில் ஆறு கட்டங்கள்: எடை, எப்படிப் பார்த்தது (தராசா, கேட்டதா), கிரியாட்டினினும் தேதியும், பழைய கிரியாட்டினின், கிளியரன்ஸ், 48 மணி நேர மறுபார்வைக்கான நாளும் நேரமும். கடைசிக் கட்டத்தை அட்மிஷனின்போதே பேனாவால் நிரப்பிவிட வேண்டும், ‘செவ்வாய் காலை 10 மணி’ என்று. அப்போதுதான் செவ்வாய் காலை டியூட்டிக்கு வரும் செவிலியர் அதைப் பார்த்து ரத்தம் எடுப்பார். மருந்தாளுநர் இருக்கும் இடங்களில் கணக்கை அவரிடம் விடுங்கள், இல்லாத இடங்களில் செவிலியர் நிலையத்துச் சுவரில் சமன்பாட்டை எழுதி ஒட்டுங்கள். சீட்டின் மாதிரியையும் பதினைந்து மருந்துகளுக்கான டோஸ் அட்டவணையையும் தமிழில் தயாரித்துத் தர நாங்கள் தயார். எந்த வார்டு முதலில் கேட்டாலும் வந்து, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் நின்று கணக்குப் போடக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
வார்டுகளில் மருந்தளவு பார்க்கும் மருந்தாளுநர்கள் சிலர்,
சேலம்.